ஓமந்தையில் மாறிய நேரம்

2006ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதி அதிகாலை இலங்கையில் ஓர் அரை மணித்தியாலம் இரண்டு தடவை வந்தது. நள்ளிரவு 12 மணி ஆனது. 12.10 ஆனது, 12.20 ஆனது. 12.30ஐத் தொட்டதும் அரசாங்கக் கட்டளைப்படி மறுபடியும் 12.00. அந்த நேரம் கண்டியில் ஏதாவதொரு ஹோட்டல் வாசலில் விழித்திருந்த காவலாளி, 12.15க்கு ஒரு வேன் உள்ளே வந்தது என்று கொப்பியில் எழுதியிருந்தால், அது எந்த 12.15 என்று அந்தக் கொப்பியை மட்டும் வைத்துக்கொண்டு எவராலும் சொல்ல முடியாது.

இதற்கெல்லாம் வேர் பத்து வருடம் முந்திய ஒரு வறட்சி. 1996இல் மலைநாட்டில் மழை பொய்த்தது. அன்றைய இலங்கையின் மின்சாரத்தில் மிகப் பெரும் பங்கு நீரிலிருந்துதான் வந்தது. அந்த நீரின் கணிசமான பகுதி கண்டியைச் சுற்றித்தான் தேங்கிக் கிடக்கிறது. 1976 முதல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக உக்குவளைக்குத் தண்ணீர் அனுப்புகிறார்கள். 1985இல் திறந்த விக்டோரியா அணை 122 மீற்றர் உயரம்; அதன் நிலையம் 210 மெகாவாட் தரக்கூடியது. மேலே கொத்மலை, கீழே ரந்தெனிகல. இந்த ஏரிகளில் மட்டம் இறங்கினால் கொழும்பில் விளக்கு அணையும். இறங்கியது, அணைந்தது.

1996 மே 24, வெள்ளிக்கிழமை. அன்று நள்ளிரவோடு நாட்டின் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளச் சொன்னார்கள். வேலைநாள் வெளிச்சத்தோடு முடிந்துவிட்டால் மாலை விளக்குகளுக்குப் போகும் மின்சாரம் மிஞ்சும் என்பது கணக்கு. கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே இருந்த இலங்கை, ஆறரைக்குப் போனது. மே மாதத்தில் அது பெரிதாக உறுத்தியிருக்காது. ஆனால் சனவரி நடுவில் கண்டியில் சூரியன் உதிப்பது பழைய கணக்கில் காலை 6.25 அளவில். புதிய கணக்கில் அது 7.25. பாடசாலை தொடங்குவதோ 7.30க்கு. மலை மறைக்கிற ஊர்களில் பிள்ளைகள் இருட்டிலேயே வீட்டை விட்டு இறங்க வேண்டியிருக்கும். சனவரி வரை அது நீடிக்கவில்லை. ஒக்டோபர் 26ஆம் திகதி அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்து ஆறு ஆக்கினார்கள். அந்த ஆறு பத்து வருடம் நின்று, 2006 சித்திரைப் புத்தாண்டை ஒட்டிப் பழைய ஐந்தரைக்கே திரும்பியது.

ஆறரை என்பது புதிய எண்ணும் இல்லை. இரண்டாம் உலகப் போரில், 1942 சனவரியில் ஆறுக்கும் அதே வருடம் செப்ரெம்பரில் ஆறரைக்கும் போய், 1945 ஒக்டோபரில்தான் தீவு ஐந்தரைக்கு இறங்கியது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேற்றன் தன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தபோது அங்கே மணிக்கூடுகள் ஓடியது ஆறரையில்.

இன்னொன்று. 1996இல் இரண்டு, 2006இல் ஒன்று என அந்த மூன்று மாற்றங்களும் வெள்ளி இரவு கழிந்து சனி பிறக்கும் வேளையில் நடந்தவை. மென்பொருள் வேலை செய்கிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். வெள்ளிக்கிழமை எதையும் தொடாதே என்பது அவர்களிடையே எழுதாத சட்டம். ஏதாவது பிழைத்தால் சனி ஞாயிறு போய்விடும். அரசாங்கத்துக்கு அந்தக் கவலை இல்லை. அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கும் இரண்டு நாள் அதற்கு வசதி.

மென்பொருள்காரர்களை இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. 1996இலும் 2006இலும் நடந்தது, அவர்கள் தினமும் செய்கிற ஒரு வேலையின் நாடளாவிய வடிவம். எந்த மணிக்கூட்டின் பல்சக்கரத்தையும் யாரும் கழற்றவில்லை. மாறியது ஒரேயோர் எண். கணினி உலகில் இதைத்தான் கொன்ஃபிகரேஷன் மாற்றம் என்கிறார்கள். பேச்சு வழக்கில் ‘செட்டிங்’.

ஒரு மென்பொருளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிற நிரல் ஒன்று. எங்கே, எவ்வளவு, யாரோடு என்று சொல்கிற மதிப்புகள் மற்றது. எந்தத் தரவுத்தளத்தோடு பேசுவது, எத்தனை விநாடி காத்திருப்பது, ஒரு நாளைக்கு ஒருவர் அதிகபட்சம் எவ்வளவு பணம் அனுப்பலாம், எந்த நாட்டின் நேரத்தைக் காட்டுவது: இவையெல்லாம் நிரலுக்கு வெளியே ஒரு கோப்பில் இருக்கும். இப்படிப் பிரித்து வைத்தால் ஒரே நிரலைக் கண்டியிலும் கனடாவிலும் ஓட்டலாம், கோப்பு மட்டும் வேறு. அழகான ஏற்பாடு. ஆபத்தும் அதிலேதான். நிரலில் ஒரு வரி மாற்றினால் நாலு பேர் பார்ப்பார்கள், சோதனை ஓட்டுவார்கள், ஒப்புதல் வாங்குவார்கள். செட்டிங்கில் ஓர் எண்ணை மாற்றும்போது “செட்டிங்தானே” என்று விட்டுவிடுவார்கள். உலகம் கண்ட மிகப் பெரிய கணினி முடக்கங்கள் சிலவற்றுக்குப் பின்னால் இந்த ‘தானே’ உண்டு.

கணினிகள் இலங்கையின் நேரத்தை எங்கிருந்து அறிகின்றன? உலகின் நேர வலயங்களையெல்லாம் தொகுத்து வைத்திருக்கும் ஒரு பொதுத் தரவுத்தளம் இருக்கிறது. 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது, பால் எகர்ட் ஒருங்கிணைக்கிறார், தொண்டர்கள் திருத்துகிறார்கள். லினக்ஸ் கணினிகளும் அண்ட்ரொய்ட் கைபேசிகளும் அதைத்தான் நம்பியிருக்கின்றன. அதில் ‘ஏசியா/கொழும்பு’ என்ற தலைப்பின் கீழ் பத்துக்கும் குறைவான வரிகளில் இலங்கையின் நேர வரலாறு முழுவதும் அடங்கிவிடுகிறது. 1906 வரை மொறட்டுவை நேரம்: 5 மணி 19 நிமிடம் 32 விநாடி. பிறகு ஐந்தரை. போர்க்கால ஆறும் ஆறரையும். 1996இன் இரண்டு மாற்றங்கள். கடைசியாக 2006. உங்கள் கையிலிருக்கும் அண்ட்ரொய்ட் கைபேசிக்குள்ளும் இந்த வரிகள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. 1996 யூன் மாதத்துப் புகைப்படம் ஒன்றுக்கு நேரம் காட்டச் சொன்னால், கைபேசி ஆறரையைக் கூட்டியே காட்டும்.

ஆனால் அந்தத் தரவுத்தளத்தால் சொல்ல முடியாத ஒன்றும் இருந்தது. இலங்கைக்கு அதில் ஒரே வலயம்தான். தரையிலோ இரண்டு நேரங்கள் இருந்தன.

விடுதலைப் புலிகள் 1996இன் மாற்றத்தை ஏற்கவில்லை. தங்கள் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் மணிக்கூட்டை ஐந்தரையிலேயே விட்டுவிட்டார்கள். ஏ9 வீதி கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. முந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர். போர்நிறுத்தத்தின் பின் 2002இல் அது திறந்தபோது, கண்டியிலிருந்து வடக்கே போன ஒருவரின் கைக்கடிகாரத்துக்கு நேர்ந்ததைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓமந்தைச் சோதனைச்சாவடி வரை இலங்கை நேரம். அதைத் தாண்டினால் வன்னி நேரம், அரை மணித்தியாலம் பின்னே. முகமாலையில் மறுபடி இராணுவக் கட்டுப்பாடு, அரை மணித்தியாலம் முன்னே. கிளிநொச்சியில் பத்து மணிக்குச் சந்திப்போம் என்று கண்டியிலிருப்பவரும் கிளிநொச்சியிலிருப்பவரும் தொலைபேசியில் பேசி வைத்தால், எந்தப் பத்து மணி என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். ஐந்தரை தப்பில்லை, ஆறும் தப்பில்லை. இரண்டும் ஒரே வீதியில் இருந்ததுதான் சிக்கல்.

சோதனைக் கணினியிலிருந்து நேரடிப் பாவனைக்கு ஒரு மாற்றத்தை எடுத்துப் போவதிலுள்ள ஆபத்தும் இதுவே என்பது என் கட்சி. பழைய மதிப்பால் விபத்து வருவது குறைவு. அதோடு எல்லோரும் பழகிவிட்டார்கள். முற்றாகப் பிழையான மதிப்பாலும் விபத்து குறைவு. அது பெரும்பாலும் முதல் சோதனையிலேயே மாட்டிவிடும். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற அந்த இடைப்பட்ட நேரம் இருக்கிறதே, அதுதான் ஆளைச் சாய்க்கும்.

சற்றுக் கிட்டப் போய்ப் பார்ப்போம். கண்டி வாவிக்கரையில் ஒரு சிறு ஹோட்டல் என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் அறை பதிவு செய்ய அதற்கு ஒரு மென்பொருள். அதை எழுதிக்கொடுத்தவர்களிடம் அது இரண்டு பிரதிகளாக ஓடுகிறது. ஒன்று டெஸ்ட், அதில் பொய் அறைகள், பொய் விருந்தினர்கள். மற்றது லைவ், அதில் பேர்ளினிலிருந்தும் சென்னையிலிருந்தும் பணம் கட்டுகிற மெய்யான ஆட்கள். இரண்டுக்கும் தனித்தனி செட்டிங் கோப்பு. இரண்டையும் அருகருகே திறந்து வைத்தால் நாற்பது வரிகளில் முப்பத்து நாலு ஒரே மாதிரி இருக்கும். ஆறு வேறுபடும்.

அந்த ஆறும் ஒரே சாதி அல்ல. டெஸ்ட்டில் கடனட்டைக் கொடுப்பனவு வாசல் ‘போலி’யாக இருக்கிறது, அதாவது அட்டை எண்ணை வாங்கும், பணத்தை எடுக்காது. லைவில் அது ‘மெய்’. டெஸ்ட்டில் மின்னஞ்சல் அனுப்புவது பூட்டப்பட்டிருக்கிறது, லைவில் திறந்திருக்கிறது. தரவுத்தளத்தின் முகவரி வேறு, அதன் கடவுச்சொல் வேறு. இந்த நாலும் எந்தக் காலத்திலும் வேறாகவே இருக்க வேண்டியவை. மிச்சம் இரண்டு: பெரஹரா ஊர்வல நாட்களுக்கான புதிய கட்டணம், பதிவை ரத்துச் செய்ய 14 நாள் என்ற புதிய கெடு. இவை டெஸ்ட்டில் சரிபார்த்தவுடன் லைவுக்குப் போக வேண்டியவை. பயணம் போக வேண்டிய வரிகள், வீட்டிலேயே இருக்க வேண்டிய வரிகள் என இரண்டு வகை. ஒரே கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக அவை கலந்து கிடக்கின்றன. பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

அவசரத்தில் இருக்கும் ஒருவர் டெஸ்ட் கோப்பை அப்படியே தூக்கி லைவில் வைத்துவிட்டால்? எதுவும் உடையாது. திரை சிவக்காது. அறைகள் பதிவாகிக்கொண்டே இருக்கும், நன்றி சொல்லும் பக்கம் வரும், ஒரு ரூபாயும் வராது. மின்னஞ்சல் பூட்டியிருப்பதால் விருந்தினருக்கு உறுதிக் கடிதமும் போகாது. ஹோட்டல் முதலாளிக்கு விசயம் தெரிவது வங்கிக் கணக்கைப் பார்க்கிற அன்று. எதிர்த்திசையில் நடந்தால் இன்னும் வேடிக்கை: டெஸ்ட் மென்பொருள் மெய்யான விருந்தினர் பட்டியலைப் பிடித்துக்கொண்டு, உங்கள் பதிவு ரத்தாகிவிட்டது என்று முப்பது பேருக்கு எழுதிவிடும்.

ஆகவே முதல் வேலை, இந்த இரண்டு வகையையும் வெவ்வேறு இடத்தில் வைப்பது. வீட்டிலிருக்க வேண்டியவை அந்தந்தச் சேர்வரிலேயே இருக்கட்டும். கடவுச்சொற்களுக்குப் பூட்டிய தனிப் பெட்டகம். பயணம் போக வேண்டியவை மட்டும் கிட் போன்ற பதிப்புக் களஞ்சியத்தில், நிரலைப் போலவே, யார் எப்போது ஏன் மாற்றினார் என்ற குறிப்போடு. லைவ் சேர்வரில் கையால் யாரும் எதையும் தட்டக்கூடாது. நள்ளிரவில் அவசரத்துக்குத் தட்டிய ஒரு வரியைக் களஞ்சியத்தில் எழுத மறந்துவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து அடுத்த மாற்றம் வந்து அதை அழிக்கும். பழைய வியாதி திரும்பி வரும். ஏன் வந்தது என்று ஒருவருக்கும் விளங்காது. இந்தத் துறையில் யாரைக் கேட்டாலும் இப்படியொரு கதை சொல்வார்.

இனி, இடைப்பட்ட நேரத்துக்கு மிக அதிக விலை கொடுத்த நிறுவனம். 2012 ஓகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவில் நைட் கப்பிற்றல் என்ற பங்கு வணிக நிறுவனம் தன் புதிய மென்பொருளை இயக்கியது. எட்டுச் சேர்வர்கள். ஏழில் புதிய நிரலை ஏற்றினார்கள். எட்டாவது விடுபட்டுப்போனது, இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்கும் வழக்கம் அங்கே இருக்கவில்லை. புதிய வசதியைத் திறக்க ஒரு கொடியை, அதாவது ‘ஆம்/இல்லை’ என்ற ஒரு செட்டிங்கைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கொடி புதிதல்ல. 2003இல் கைவிட்ட ‘பவர் பெக்’ என்ற பழைய நிரலுக்குரியதை எடுத்து மறுபாவனைக்கு வைத்திருந்தார்கள். பழைய நிரலோ இன்னும் அழிக்கப்படாமல் எட்டாவது சேர்வரில் தூங்கிக் கிடந்தது. கொடி ‘ஆம்’ ஆனதும் ஏழு சேர்வர்களில் புதியது எழுந்தது, எட்டாவதில் பழையது எழுந்தது. எழுந்தது, நிறுத்தத் தெரியாமல் வாங்கி விற்கத் தொடங்கியது.

212 கட்டளைகளுக்காக நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள். 45 நிமிடத்தில் 44 கோடி டொலருக்கு மேல் நட்டம். இதைவிட எனக்குத் திகிலூட்டுவது நடுவில் நடந்த ஒன்று. ஏதோ பிழை என்று கண்டதும், புதிய நிரல்தான் காரணம் என நினைத்து, ஏழு சேர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். கொடி மட்டும் ‘ஆம்’ என்றே இருந்தது. இப்போது எட்டுச் சேர்வர்களிலும் பழைய பேய். சந்தை திறப்பதற்கு முன்பே இந்தக் கோளாறைச் சுட்டும் 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்ததையும் விசாரணை கண்டுபிடித்தது. யாரும் அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

சோதனை செய்துவிட்டால் தப்பலாமா? 2024 யூலை 19, வெள்ளிக்கிழமை. இலங்கை நேரம் காலை 9.39. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் வின்டோஸ் கணினிகளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அது நிரல் அல்ல. எதை உன்னிப்பாகப் பார்க்க வேண்டும் என்று சொல்கிற செட்டிங் வகைக் கோப்பு. அதன் வடிவத்தில் 21 புலங்கள். கணினியில் அதைப் படிக்கும் நிரல் கொடுத்ததோ 20. முன்னைய சோதனைகளில் 21ஆவது புலத்துக்கு ‘எதுவானாலும் சரி’ என்ற குறியை இட்டிருந்தார்கள். ஆகவே அந்த இல்லாத புலத்தை யாரும் தொடவே இல்லை, எல்லாச் சோதனையும் தேறியது. அன்று அனுப்பிய கோப்பு அதைத் தொட்டது. 85 இலட்சம் கணினிகள் நீலத்திரையோடு விழுந்தன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. 78 நிமிடத்தில், இலங்கை நேரம் 10.57க்கு, கோப்பைத் திருப்பி எடுத்துவிட்டார்கள். பயன் அரைவாசிதான். விழுந்த கணினி இணையத்துக்கு வந்தால்தானே திருத்தம் கிடைக்கும்? அதற்கு முன்பே மறுபடி விழுகிறது. பலவற்றின் முன்னாலும் ஆள் போய் உட்கார்ந்து கையால் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

சோதனைக்கூடம் என்பது உலகத்தின் சிறிய பிரதி. எது வேண்டாம் என்று அதில் விட்டோமோ அங்கேதான் லைவ் உதைக்கும். அதனால் அனுபவசாலிகள் சோதனை தேறிய மாற்றத்தையும் ஒரேயடியாக அனுப்புவதில்லை. கண்டிக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். எசல பெரஹரா முதல் நாளே ரந்தோலியோடு தெருவுக்கு வருவதில்லை. கப் என்ற கம்பத்தை நட்டபின் ஐந்து இரவு தேவாலய வளவுக்குள்ளேயே சுற்றுவார்கள். அடுத்த ஐந்து இரவு கும்பல் பெரஹரா, நகர வீதியில், சிறிதாகத் தொடங்கி நாளுக்கு நாள் பெருகும். கடைசி ஐந்து இரவுதான் ரந்தோலி. எந்த யானை வெடிச்சத்தத்துக்கு மிரள்கிறது, எந்த வளைவில் கூட்டம் நெரிகிறது என்பதெல்லாம் கூட்டம் குறைந்த இரவுகளிலேயே தெரிந்துவிடும். மென்பொருளிலும் முதலில் ஒரு சேர்வர், பிறகு நூற்றுக்கு ஐந்து, இருபத்தைந்து, முழுவதும். ஒவ்வொரு படியிலும் நின்று பிழைகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். பதிவாகும் அறைகளின் எண்ணிக்கையையும் உள்ளே வரும் பணத்தையும் ஒப்பிட வேண்டும். கிரவுட்ஸ்ட்ரைக் தன் நிரலை இப்படிப் படிப்படியாகத்தான் அனுப்பிவந்தது. இந்த வகைக் கோப்புகளை மட்டும் ஒரே தடவையில் எல்லோருக்கும். செட்டிங்தானே! அந்த வெள்ளிக்குப் பிறகு அவற்றையும் படிப்படியாக அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள்.

திரும்பி வரும் வழி இன்னொரு பெரிய விசயம். நைட் கப்பிற்றல் திரும்பிய வழி பாதி வழி: நிரல் திரும்பியது, கொடி திரும்பவில்லை. திரும்பும் வழி, மாற்றிய பொருளின் மேலேயே போகவும் கூடாது. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி, இலங்கையில் இரவு ஒன்பது மணி கடந்து, பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் ஆறு மணித்தியாலமளவு காணாமற்போனது நினைவிருக்கும். பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை அந்நிறுவனத்தின் தரவு நிலையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பையே துண்டித்தது. அப்படியான கட்டளையைத் தடுக்க வேண்டிய காவல் கருவியிலும் ஒரு பிழை. திருத்தப் போனால், திருத்துவதற்குப் போகும் பாதையும் அதே வலையமைப்புத்தான். பொறியியலாளர்கள் நேரில் தரவு நிலையத்துக்குப் போய் உள்ளே நுழைய வேண்டியிருந்தது.

இலங்கைப் பல்கலைக்கழகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் லேர்ன் வலையமைப்பு பேராதனையிலிருந்து நடக்கிறது. அங்கே இருக்கும் ஒருவர் யாழ்ப்பாணத்திலுள்ள ஒரு ரூட்டரின் செட்டிங்கை மாற்றுகிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி பிழைத்தால் ரூட்டர் ஊமையாகிவிடும். சரிசெய்யும் கட்டளையும் அதற்குக் கேட்காது. ஏ9இல் ஆளை அனுப்ப வேண்டியதுதான். இதற்காகவே சில ரூட்டர்களில் ஒரு நுட்பம் வைத்திருக்கிறார்கள். ஜுனிப்பர் ரூட்டரில் மாற்றத்தை ‘உறுதிக்குக் காத்திரு’ என்ற முறையில் போடலாம். மாற்றம் உடனே அமுலுக்கு வரும். ஆனால் பத்து நிமிடத்துக்குள் நீங்கள் மறுபடி உள்ளே வந்து ‘சரி’ என்று சொல்லாவிட்டால், ரூட்டர் தானாகவே பழைய செட்டிங்குக்குத் திரும்பிவிடும். உங்களால் உள்ளே வர முடியவில்லை என்பதே பிழையின் சாட்சி. வெறுமனே பேசாமலிருந்தால் பழைய நிலை மீளும். புதியது நிலைக்க ஒருவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். இத்தனை எளிய யோசனை இத்தனை பேரைக் காப்பாற்றியிருப்பது வியப்புத்தான்.

இந்த ஏற்பாடுகள் எல்லாம் இருந்தும் அந்த இடைப்பட்ட நேரத்தை ஒழிக்க முடியாது. ஆயிரம் சேர்வர்களும் ஒரே கணத்தில் மாறுவதில்லை. ஒரு தீவே ஒரே நள்ளிரவில் மாறவில்லையே. முடியக்கூடியது, அந்த நேரத்தில் இரண்டு மதிப்புகளும் முட்டிக்கொள்ளாமல் பார்ப்பது. அதற்கு மாற்றத்தை மூன்றாக உடைக்க வேண்டும். முதலில், பழையதையும் புதியதையும் இரண்டையும் விளங்கிக்கொள்ளும் நிரலை எல்லாச் சேர்வர்களிலும் ஏற்றுவது. ஒன்றுகூட விடுபடவில்லை என்று கண்டபின் மதிப்பை மாற்றுவது. சில நாள் ஓடிப் பழகிய பின்னர் பழையதை வேரோடு களைவது. நைட் கப்பிற்றல் 2003இல் செய்யாமல் விட்டது இந்த மூன்றாவது வேலையை. 2012இல் தவறவிட்டது முதலாவதை.

நேரத்துக்கும் இதே வைத்தியம் உண்டு. ஒழுங்காக எழுதிய மென்பொருள் நடந்துமுடிந்த எந்த நிகழ்வையும் உள்ளூர் நேரத்தில் சேமிப்பதில்லை. உலகப் பொது நேரத்தில் சேமித்து, காட்டும்போது மட்டும் ஐந்தரையையோ ஆறையோ கூட்டுகிறது. அப்படிச் சேமித்த பதிவேட்டில் ஏப்ரல் 15இன் முதல் 12.15க்கு ஓர் எண், இரண்டாவது 12.15க்கு வேறோர் எண். இடையே சரியாக அரை மணித்தியாலம். கண்டிக் காவலாளியின் கொப்பியில் இல்லாத தெளிவு அதில் இருக்கும். ஓமந்தையைத் தாண்டிய கணினி ஒன்று எந்த வலயத்தைக் காட்டினாலும் உள்ளே கிடக்கும் எண் மாறாது.

அரசாங்கங்கள் திடீரென நேரத்தை மாற்றுவதால் அலுத்துப்போன மைக்ரோசொஃப்ட் நிறுவனம், குறைந்தது ஒரு வருட முன்னறிவிப்புக் கொடுங்கள் என்று உலக நாடுகளைக் கேட்டுவருகிறது. 1996 ஒக்டோபர் மாற்றத்துக்கு இலங்கை அமைச்சரின் அறிவிப்பு வெளியானது 24ஆம் திகதி. மாற்றம் 26ஆம் திகதி. இரண்டு நாள்!

ஒரு நாட்டுக்கு அது எப்படியோ போகட்டும். கண்டியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் பேராதனையிலும் சின்னச் சின்ன மென்பொருள் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹோட்டல், மருந்தகம், பஸ் பதிவு, தனியார் வகுப்பு எதுவானாலும் சரி, உங்கள் டெஸ்ட் கோப்பையும் லைவ் கோப்பையும் ஒருநாள் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். வேறுபடும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது பயணம் போக வேண்டியதா, வீட்டிலிருக்க வேண்டியதா என்று எழுதுங்கள். இரண்டிலும் சேராத வரி ஒன்று கட்டாயம் அகப்படும்; முதலில் அதைத் திருத்துங்கள். எசல பெரஹராவுக்கு இரண்டு வாரம் முன்பே எல்லா மாற்றத்தையும் முடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும், முதலாளியே கேட்டாலும், கெட்டம்பேயில் நீர் வெட்டுச் சடங்கு முடிந்து கூட்டம் ஊர் திரும்பும் வரை லைவ் சேர்வரில் கைவைக்காதீர்கள்.